மூன்றாவது டிக்கெட்

“ஆச்சி, ஒங்ககிட்ட ஸ்வெட்டர் இருக்கா?”

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முத்தையாபுரத்துப் புரட்டாசி வெயில் வாசலில் நின்று அடிக்கிறது. இந்த ஊரில் ஸ்வெட்டர் வைத்திருப்பவளை நான் இதுவரை பார்த்ததில்லை. எனக்கு எங்கிருந்து வரும்?

கேட்டது ஹாசினி. எங்கள் மாடியில் குடியிருக்கும் சுதாவின் மகள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அப்பாவுக்குக் கப்பலில் வேலை, தை பிறந்தால்தான் வருவார். சுதா துறைமுகப் பக்கம் ஓர் ஆபீசுக்குப் போகிறாள். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அம்மா வரும்வரை பிள்ளைக்கு என் அடுக்களைதான்.

காலாண்டு லீவில் மதுரைப் பக்கம் இருக்கும் தீம் பார்க்குக்குப் போவதாக ஏற்பாடு. மூன்று வாரமாக அந்த ஏற்பாடு முழுக்க என் அடுக்களையில்தான் நடக்கிறது. ஒரு பழைய நோட்டு. ஒரு விளையாட்டுக்கு ஒரு பக்கம். ராட்டினம், சறுக்கு, அலை அடிக்கிற குளம்... எல்லாவற்றையும் வரைந்து, கீழே பெயர் எழுதி வைத்திருக்கிறாள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். வாரா வாரம் பத்திரிகையில் நான் எழுதுவதைப் படிக்கிற உங்களுக்குத்தான் தெரியுமே, இந்த ஒரு பக்கத்தை எழுதவே எனக்கு மூன்று நாள் ஆகிறது.

நானும் சும்மா இருப்பேனா? விடிவதற்கு முன்னால் பஸ் ஏற வேண்டும் என்றேன். நைலான் துணி எடுத்துக்கொள், ஈரம் சீக்கிரம் காயும் என்றேன். புளிச்சோறு கட்டித் தருகிறேன் என்றேன். எல்லாவற்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.

“வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டாங்க ஆச்சி.”

“புளிச்சோத்தையா விட மாட்டான்? அப்படி என்னளா பார்க்கு அது?”

அவள் பென்சிலை எடுத்தாள். நோட்டில் புளிச்சோற்றை அடித்துவிட்டாள்.

அந்த நோட்டில் ஒரு பக்கம் மட்டும் வெறுமனே கிடந்தது. வரைய மறந்துவிட்டாயா என்று கேட்டேன்.

“அது பனி ரூம் ஆச்சி. பனி வெள்ளையாத்தான இருக்கும். அதான் ஒண்ணும் வரையல.”

அந்த வெறும் பக்கத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தூரத்தில் உப்பு அம்பாரங்கள் தெரியும். மழை வருமுன் ஒவ்வொன்றாக ஓலை போட்டு மூடிக்கொண்டிருக்கிறார்கள். மூடாமல் கிடக்கிறவை சாயங்கால வெளிச்சத்தில் தரையில் இறங்கிய மேகம் மாதிரி இருக்கும். பனி எப்படி இருக்கும் என்று ஹாசினி கேட்டபோது அதைத்தான் காட்டினேன்.

“தொட்டா?”

பனியை நான் எங்கே தொட்டேன்?

உப்பைத் தொட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாவாடை கட்டிய வயதிலிருந்து பேரன் பேத்தி எடுக்கிற வயது வரை அந்த வெள்ளைமேல் நடந்தவள் நான். குதிகால் வெடிப்புக்குள் உப்பு இறங்கினால் உச்சி மண்டை வரை எரியும். எரிச்சலைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. அழுததும் இல்லை. உப்பளத்து வருகை நோட்டில் எல்லோரும் கைநாட்டு வைத்தபோது, நான் வைக்க மாட்டேன் என்று நின்று, பெயர் எழுதப் படித்து எழுதியவள். அப்படியொரு திமிர்.

எரியாத வெள்ளை என்று ஒன்று இருக்கிறதா? காலை வைத்தால் குளிருமா?

அன்றிலிருந்து மத்தியானம் கண் அசந்தால் போதும், அதே கனவு. பாத்தி பாத்தியாக வெள்ளை. தலையில் கூடை இல்லை. மேஸ்திரி இல்லை. நான் மட்டும் நடக்கிறேன். கால் குளிர்கிறது... விழித்துப் பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

இப்போது ஸ்வெட்டருக்கு வருகிறேன்.

“எனக்கு எதுக்குளா ஸ்வெட்டர்?”

“பனி ரூமுக்கு. ரெண்டு ரெண்டு பேரா கைய பிடிச்சிட்டுப் போவணும். நீங்களும் நானும். அம்மா போட்டோ எடுப்பாங்க.”

நான் போவதாகவே இல்லையே.

நடந்தது இதுதான். பதினைந்து நாளைக்கு முன்னால் மாடிப்படியில் வைத்து சுதா கேட்டாள். “ஆச்சி, பார்க்குக்கு நீங்களும் வாரீங்களா?” நான், “எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல” என்றேன். அவள் “சரி ஆச்சி” என்று மேலே போய்விட்டாள்.

சரி ஆச்சியா?

நீங்களே சொல்லுங்கள். நம் வீடுகளில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் என்ன சொல்வார்? “இப்பதான் சாப்பிட்டேன்” என்பார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் பட்டிருக்காது. இரண்டாம் முறை கூப்பிட்டால் “இருக்கட்டும்” என்பார். மூன்றாம் முறை கையைப் பிடித்து இழுத்தால்தான் இலையில் உட்காருவார். முதல் தடவை கேட்டதும் உட்கார்ந்துவிட்டால் ‘இதுக்காகவே காத்துக்கிட்டு இருந்திருக்கா’ என்று நினைத்துவிட மாட்டார்களா?

அதனால் மீதி இரண்டு தடவைக்காகக் காத்திருந்தேன். குழம்பு கொடுக்கிற சாக்கில் மேலே போனேன். மோட்டார் போட்டாயா என்று கேட்கப் போனேன். சுதா பஸ் நேரத்தைச் சொன்னாள், மழை வருமோ என்றாள், சிரித்துச் சிரித்துப் பேசினாள். அதை மட்டும் கேட்கவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருத்தரிடம் போய் ‘என்னையும் கூட்டிட்டுப் போ’ என்று நான் நின்றதில்லையே.

ஹாசினியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன்.

“ஆச்சி வரலளா. நீயும் அம்மையும் போயிட்டு வாங்க.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நோட்டை விரித்து அந்த வெள்ளைப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடினாள்.

“அப்ப நானும் பனி ரூமுக்கு வெளிய நிக்கேன்.”

“ஏளா? அதுக்குத்தான நீ போறதே?”

“தனியா எப்படி ஆச்சி? குளிரும்லா.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் இல்லை என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். நோட்டு என் அடுக்களையிலேயே கிடந்தது.

என் வீம்பு என்னோடு போகட்டும். பிள்ளையுடைய பனியில் நான் ஏன் மண்ணைப் போட வேண்டும்?

நோட்டை எடுத்துக்கொண்டேன். எங்கள் மாடிக்குப் பதினாறு படி. முட்டு வலியோடு எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். அன்றைக்குப் போல் ஒரு நாளும் நீளமாக இருந்ததில்லை.

சுதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை.

“எனக்கும் ஒரு டிக்கெட்டு போடும்மா.”

மடித்த துணி கையில் இருக்க அப்படியே பார்த்தாள். “நான் அன்னைக்கே கேட்டேனே ஆச்சி? நீங்கதான் எதுக்குன்னீங்க.”

“ஒரு தடவ கேட்டா எவளாவது வாரேம்பாளா?”

சுதா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“மறுபடி கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும் ஆச்சி. தினமும் பிள்ளைய ஒங்ககிட்டதான் விட்டுட்டுப் போறேன். அங்கனயும் பிள்ளையப் பாத்துக்கத்தான் கூப்பிடுதான்னு நினைச்சிருவீங்களோன்னு... அதான் விட்டுட்டேன்.”

பாருங்கள் கதையை. அவள் மேலே இருந்துகொண்டு என் மனசை நினைத்து வாயை மூடியிருக்கிறாள். நான் கீழே இருந்துகொண்டு என் மரியாதையை நினைத்து வாயை மூடியிருக்கிறேன். நடுவில் பதினாறு படி. மரியாதை என்று ஒன்றை இரண்டு பக்கமும் நின்று தாங்கிப் பிடித்தால், நடுவில் ஒரு பிள்ளை குளிரில் வெளியே நிற்கிறது.

“ஸ்வெட்டர் இல்லம்மா என்கிட்ட.”

“அங்கனயே கோட்டும் பூட்ஸும் குடுப்பாங்க ஆச்சி.”

“பூட்ஸா? நான் வெறுங்கால வச்சுப் பாக்கணும்லா.”

இதற்குத்தான் சுதா சிரித்தாள். “ஒரு நிமிஷம் கழட்டிக்கிடுங்க. ஆரு பாக்கப் போறா?”

அவர்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் முந்தின வாரமே போட்டாகிவிட்டது. எனக்குத் தனியாகப் போட போனை எடுத்தாள். ஹாசினி ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். போன் பெயர் கேட்டது, சொன்னேன். வயது கேட்டது, அதையும் மறைக்காமல் சொன்னேன். கடைசியில் ஏதோ ஒரு கட்டம் வந்து நின்றது.

“உறுதியான்னு கேக்குது ஆச்சி,” என்றாள் சுதா.

“பாத்தியாம்மா,” என்றாள் ஹாசினி, “போன்கூட ரெண்டாவது தடவ கேக்குது.”

சுதா போனை என் பக்கம் நீட்டினாள். மூன்றாவது தடவைக்கு நான் காத்திருக்கவில்லை. கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தினேன் — இந்த வயதில், நானாக விரும்பி வைத்த முதல் கைநாட்டு.