இருமல் சத்தம் கேட்டால் நின்றுவிடும் எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து இன்றோடு ஒரு வருடம் நிறைகிறது. வீட்டில் அதிகம் பேசுகிறவள் நான் என்பதால், இந்த நினைவுக் குறிப்பை எழுதும் வேலையையும் தங்கையான என்னிடமே தள்ளிவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன் சிரிப்புதான் வருகிறது. சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் மணிமங்கலத்தில் எங்கள் பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அவர் பத்தாவது படிக்கும்போதே, லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா காலமானார். அம்மா தாம்பரத்தில் ஒரு துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டி எங்கள் இருவரையும் படிக்கவைத்தார்கள். அண்ணன் நர்சிங் படிப்பில் சேர்ந்தபோது உறவில் பலருக்கு முகம் சுருங்கியது. பெரியப்பா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஆம்பளப் புள்ளைய போயி நர்சுக்குப் படிக்க வெக்கிறியே, நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் அண்ணனே பதில் சொன்னார். "பொண்ண நான் பாத்துக்கிறேன் பெரியப்பா. உனக்கு ஊசி போட ஆளு வேணும்னா மட்டும் சொல்லி அனுப்பு."

பிற்காலத்தில் சர்க்கரையால் பெரியப்பாவின் காலில் புண் வந்தபோது, நான்கு மாதம் தினமும் கட்டுப் போட்டுக் காலைக் காப்பாற்றியவர் அண்ணன்தான். பெண்ணும் கிடைத்தார். எங்கள் அண்ணி, "கட்டுப் போடத் தெரிஞ்ச கை அடிக்காது" என்று சொல்லித்தான் சம்மதித்தாராம்.

ஒரகடம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. வடக்குப்பட்டில் குடியேறினார்கள். அங்கு வரும் வயதான பெண்களுக்கு நர்ஸ் என்றாலே சிஸ்டர்தான். "சிஸ்டர் இல்லியா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். "நாந்தாம்மா சிஸ்டரு, உள்ள வா" என்பார் அண்ணன். கடைசிவரை அந்த வட்டாரத்தில் அவர் பெயர் "சிஸ்டர் தம்பி".

வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. கம்பெனிப் பையன்கள் தங்கியிருக்கும் வாடகை அறைகளின் வழியாகத்தான் வருவார். யாராவது இருமினால் வண்டி நின்றுவிடும். அப்படித்தான் ஒரு மாலை, இருங்காட்டுக்கோட்டையில், பையன்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்த ருக்மணி அம்மாவின் வீட்டு முன் நின்றார். இனி எழுதப்போவதை அந்த அம்மாவிடமும், அங்கே குடியிருந்த பாண்டியிடமும் கேட்டுவிட்டேன். இருவருமே "எங்க பேரப் போட்டே எழுதுங்க" என்றார்கள்.

அந்த வீட்டில் ஓர் அறைக்கு ஆறு பேர். ஷிப்ட் முடிந்து ஒருவர் வந்து படுக்கும் பாயில், இன்னொருவர் எழுந்து வேலைக்குப் போவார். பகலில் தூங்குவதற்காக ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பாண்டி ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தான். சளியைப் பரிசோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. அவன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அம்மாட்ட சொல்லிராதீக சார், அது தாங்காது" என்று அழுதான்.

செய்தி அறைக்குள் பரவியது. மறுநாள் அண்ணன் போனபோது பாண்டியின் பை வாசலில் கிடந்தது.

"இவன இட்டுக்கினு போ தம்பி. மத்த புள்ளைங்களுக்கு ஒட்டிக்கினா நானா பதில் சொல்றது?" என்றார் ருக்மணி அம்மா.

அந்த அம்மாவின் பயம் நியாயம்தான். ஆனால் பாண்டி வெளியேறினால் மாத்திரையும் நின்றுவிடும், இன்னோர் அறையில் போய் அதே இருமலோடு படுப்பான் என்பது அண்ணனுக்குத் தெரியும். அவர் பையை எடுத்து உள்ளே வைத்தார்.

"இவன் போயிட்டா நோயும் போயிடும்னு நெனக்கிறியாம்மா? இத்தினி நாளு இங்கதான இருமிக்கினு இருந்தான்? எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும். மொதல்ல உனக்கு."

"எனக்கு இன்னா கீது? டானிக் குட்ச்சிக்கினு நல்லாத்தான் கீறேன்!"

"டானிக் எதுக்கும்மா?"

"இருமலுக்குத்தான்" என்றார் ருக்மணி அம்மா. மூன்று மாதமாகத் தானும் இருமிக்கொண்டிருப்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தாராம்.

பையன்கள் ஐந்து பேருக்கும் ஒன்றுமில்லை. ருக்மணி அம்மாவுக்கு இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.  முடிவைக் கேட்டதும் அந்த அம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "டேய் பாண்டி, மாத்திரை எத்தினி மணிக்குடா முழுங்கணும்?"

அன்றே ஜன்னல் அட்டையைத் தம் கையாலேயே பிய்த்து எறிந்தார். காற்றோட்டமான மாடி அறையைப் பாண்டிக்கு ஒதுக்கினார். தினமும் காலையில் இருவரும் முற்றத்தில் நின்று மாத்திரை விழுங்கினார்கள். மூன்றாவது மாதம் உடம்பு தேறியதும், ஓ.டி. பார்க்கிற அவசரத்தில் பாண்டி நான்கு நாள் மாத்திரையை விட்டுவிட்டான். அண்ணன் தேடி வருவதற்குள் ருக்மணி அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இவன் மாத்திரை முழுங்கற வரைக்கும் எவனுக்கும் மோட்டர் போட மாட்டேன்!" சோப்பு நுரையோடு நின்ற ஐந்து பேரும் சேர்ந்து அவனை முற்றத்துக்குத் தூக்கி வந்தார்களாம். அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இருவரும் முழுதாகக் குணமடைந்தார்கள். பரமக்குடியில் நடந்த பாண்டியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் ருக்மணி அம்மாவும் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர் முழுக்க ரத்த அழுத்தம் பார்த்த அண்ணன், தம் பிரஷர் மாத்திரையை மட்டும் பாதி நாள் மறந்துவிடுவார். அண்ணி திட்டினால், "சாயங்காலம் போட்டுக்கிறேன்" என்பார். இதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது. போன வருடம் பக்கவாதம் வந்து பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தார். வலது கை அசையாவிட்டாலும், ஊசி போட வந்த பயிற்சி நர்சிடம், "கை கழுவினியாம்மா?" என்று குழறிக் கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்க் கழுவிவிட்டு வந்தாள். பன்னிரண்டாம் நாள் விடியும்போது, அண்ணியும் நானும் அருகிலிருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அந்த நாட்களில் அண்ணனைத் தங்கள் தகப்பனைப் போல் பார்த்துக்கொண்ட வார்டு நர்ஸ்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், லீவு போட்டு வந்து சவப்பெட்டியைத் தூக்கிய கம்பெனிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கை கூப்பி நன்றி சொல்கிறது.

இன்றைய நினைவு ஆராதனைக்கும் விருந்துக்கும் வந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலய வாசலில், வேப்ப மரத்தடியில், அண்ணனோடு வேலை பார்த்த நர்ஸ்கள் நான்கு பேர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் கருவிகளோடு காத்திருக்கிறார்கள். அவர்களைத் தாண்டித்தான் பந்திக்குப் போக முடியும். அண்ணி அப்படித்தான் நாற்காலிகளைப் போடச் சொல்லியிருக்கிறார். கையை நீட்டிவிட்டு வந்து, வயிறாரச் சாப்பிடுங்கள்.