எங்கள் வீட்டில் சாப்பிடாத தலைவர்

தலைவர் என்னிடம் வாங்கித் தின்றது இரண்டு மலைவாழைப்பழம். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. இப்போது எழுதியும் வைக்கிறேன்.

நான் கொல்லிமலைக்காரி. சில ஊர்கள் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம்; பைல் நாட்டில் பிறந்து ஆலத்தூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. பழக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்குவோம். ஒரு தேர்தல் சமயத்தில் சந்தைக்குப் போகும் வழியில், மலையடிவாரத்து ரோட்டோரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் என் மகள், பல் முளைக்காத குழந்தை. தலைவரின் கார் வந்து நின்றது. இறங்கி வந்து ஒரு பழம் கேட்டார். தின்றுவிட்டு இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

கூடி நின்ற கூட்டத்தில் ஒரு தையல்காரர் இருந்தார். என் வாழ்க்கையில் மண்ணைப் போட்ட மனிதர் அவர்தான்.

அந்தக் காலத்தில் சேந்தமங்கலத்தில் தலைவரின் கட்சிக்கு ஒரு படிப்பகம் இருந்தது. அங்கே கையெழுத்துப் பத்திரிகை நடத்துவார்கள். ஒரே ஒரு பிரதி, வண்ண மையில் படம் போட்டு, கை மாறி கை மாறி ஊரெல்லாம் சுற்றும். அதில் எல்லாம் தலைவரைப் பற்றிய கதைகள். தலைவர் மாறுவேடத்தில் போய்த் திருடனைப் பிடிப்பார். வெள்ளத்தில் குதித்து ஒரு கிழவியைக் காப்பாற்றுவார். எதிர்க்கட்சிக்காரர்களும் தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு படிப்பகம் வைத்திருந்தார்கள். அவர்கள் பத்திரிகையில் அவர்கள் தலைவர் இரண்டு கிழவிகளைக் காப்பாற்றுவார். உயிரோடு இருக்கிற மனிதரை வைத்து இவர்கள் பொம்மை விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். விளையாடட்டும். கிழவிகளோடு நிறுத்தியிருக்கலாம்.

தையல்காரர் எழுதியது தொடர்கதை. மலைமக்களின் கஷ்டத்தை அறிய தலைவர் மாறுவேடத்தில் கொல்லிமலைக்கு ஏறுகிறார். மழை, குளிர்காய்ச்சல். ஒரு குடிசை வாசலில் விழுகிறார். வீட்டுக்காரன் ஊரில் இல்லை. அங்கே இருந்த பெண் சாமைச்சோறு ஆக்கித் தன் கையால் ஊட்டிக் காய்ச்சலைத் தணிக்கிறாள். இருவருக்கும் பிரிய மனமில்லை. நாட்டுக்காக அவர் அவளைத் துறந்து மலையிறங்குகிறார். அந்தப் பெண்ணுக்குத் தையல்காரர் பெயர் வைக்கவில்லை. ஆனால் வாழைப்பழக் கூடை, இடுப்பில் பெண் குழந்தை, மூக்கோரத்து மச்சம் எல்லாம் என்னுடையவை.

ஒரு சந்தை நாளில் அவரே என்னைத் தேடி வந்து படித்துக் காட்டினார். முகமெல்லாம் பெருமை. நான் எப்போது தலைவருக்குச் சோறு போட்டேன் என்று கேட்டேன். அதெல்லாம் கதை அம்மிணி, உன்னைக் காலாகாலத்துக்கும் நிற்கிற மாதிரி எழுதிவிட்டேன் என்று சிரித்தார். என்னை எழுத என்னிடம் கேட்டாரா? கேட்கத் தோன்றியிருக்காது. பழத்துக்காவது என்னிடம் விலை கேட்பார்கள்.

சட்டை தைக்கக் கீழே போன ஆட்கள் கதையை மலைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் மலையில் கதை சொல்லாமல் இல்லை. ஆனால் அவை சாமியைப் பற்றியவை, செத்துப்போன ராசாக்களைப் பற்றியவை. அவற்றை யாரும் கட்டுக்கதை என்று நினைப்பதில்லை. உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றி, நடக்காததை நடந்ததாக எழுதி, அதைப் படித்து அழுது ரசிப்பார்கள் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. ஒருவரைப் பற்றி இத்தனை விவரமாகச் சொன்னால் அது சாட்சி. வீட்டுக்காரன் இல்லாதபோது வேற்று ஆணுக்கு அடுப்படியில் சோறு போட்டவள் அவனோடு போனவள் என்பது எங்கள் கட்டுப்பாடு. அப்படிப் போனவளின் பிள்ளை அப்பன் வீட்டில்தான் வளர வேண்டும்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கேலி தாங்காத மனிதர். மூன்று வேளையும் என் கையால் சாப்பிட்டவர், அந்த ஆள் எத்தனை நாள் இருந்தான் என்று என்னிடம் கேட்டார். வீட்டில் நான் சொன்ன பதில் அவர் காதில் ஏறவில்லை. ஊர்க்கூட்டத்திலும் ஏறவில்லை. எந்தப் பொம்பளை ஒத்துக்கொள்வாள் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் மலையிறங்கிப் போய்த் தையல்காரரைக் கையோடு அழைத்து வந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், பொய் என்று சொல்லுங்கள், என் குழந்தை என்னிடம் இருக்கும் என்று வழியெல்லாம் கெஞ்சினேன். தாராளமாகச் சொல்கிறேன் என்றார். பத்திரிகையை ஏன் எடுத்து வந்தார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கூட்டத்தில் அதைப் படிக்கச் சொன்னார்கள். படித்தார். குரலை ஏற்றி இறக்கி, காய்ச்சல் இடத்தில் மெதுவாக, பிரிகிற இடத்தில் கண் கலங்கப் படித்தார். சுற்றி இருந்தவர்கள் அசையாமல் கேட்டார்கள். எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வந்தவர்கள் எனக்காக மூக்கைச் சிந்தினார்கள்.

கூட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்கிற ஊர்க்கவுண்டர் நியாயமான மனிதர். தலைவரை வரச்சொல்லுங்கள், கோயிலில் சத்தியம் செய்யட்டும் என்றார். அவருக்கு மெட்ராசில் வேலை என்றார் தையல்காரர்.

"அத்தன வேலை இருக்கறவரு இங்க எதுக்குங்க வந்தாரு?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர்.

"அது கற்பனைங்க."

"அப்படின்னா பொய்யிங்களா?"

தையல்காரர் கூட்டத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் பார்த்தார். அவருக்கு வாழ்நாளில் அப்படி ஒரு கூட்டம் கிடைத்திருக்காது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொய்யின்னு சொல்ல முடியாதுங்க. அதுக்குள்ள ஒரு உண்மை இருக்குதுங்க" என்றார்.

அவ்வளவுதான். என் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கினார்கள். அவள் என் சேலைத் தலைப்பை விடவில்லை, விரலைப் பிரித்து எடுத்தார்கள். தையல்காரர் பத்திரிகையைத் துணியில் சுற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் மலையிறங்கிவிட்டார்.

அந்த உண்மை என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பெரிய பெரிய எழுத்தாளர்களும் அதே வாக்கியத்தைச் சொல்வதைப் பிற்பாடு கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும்.

நான் பைல் நாட்டுக்கே திரும்பினேன். மலையில் அரசாங்கம் பள்ளிக்கூடம் திறந்தபோது அங்கே சமையல் வேலைக்குச் சேர்ந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் படித்தேன். ஒரே ஒரு காரணத்துக்காக. படிக்கத் தெரிந்ததும் சேந்தமங்கலம் போய் அந்தப் பத்திரிகையைக் கேட்டு வாங்கி, படிப்பக பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடைசியில் வாசகர்கள் கருத்து எழுத வெற்றுத்தாள்கள் விட்டிருந்தார்கள். நிரம்பி வழிந்தன. தலைவரின் தியாகத்தைப் புகழ்ந்திருந்தார்கள். ஒருவர், மலைப்பெண் இன்னும் கொஞ்சம் அழுதிருக்கலாம் என்று எழுதியிருந்தார். அந்தத் தாளைக் கிழித்து வாயில் போட்டு மென்று துப்பிவிட்டுத்தான் எழுந்தேன்.

மகளை எனக்குக் காட்ட மாட்டார்கள். ஆடித் திருவிழாவுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலில் எல்லா நாட்டு ஆட்களும் கூடும்போது தூரத்திலிருந்து பார்ப்பேன். அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு ஆடியில் அவளே கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நெடுநெடு என்று வளர்ந்திருந்தாள். அம்மா என்று கூப்பிடுவாள் என்று நின்றேன். அவள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள், மூக்கோரத்து மச்சத்தைப் பார்த்தாள். சட்டைப்பையிலிருந்து செய்தித்தாளில் வெட்டிய தலைவர் படத்தை எடுத்துத் தன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள்.

"நானு இவரு சாடைன்னு எல்லாரும் சொல்றாங்க. இவருதான என்ற அப்பன்?"

அவள் முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீ பிறந்த பிறகுதான் நான் அந்த மனிதரைப் பார்த்தேன், பழம் தின்றார், போய்விட்டார், உன் அப்பன் உன்னை வளர்க்கிறவர்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது. கையை உருவிக்கொண்டாள்.

"நீ பொய் சொல்ற" என்றாள் என் மகள். படத்தைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு அப்பன் வீட்டு ஆட்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.