தண்ணீர் குடிக்கப் போனவள்

மருமகள் படித்துவிட்டுப் போட்டிருந்த மர்ம நாவல் ஒன்றை நேற்று மத்தியானம் முடித்தேன். கொலையைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி ஒரு பெண். அவள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டே கதை நகர்கிறது. கடைசியில் பார்த்தால் அவள் சொன்னது அத்தனையும் பொய்.

"யாரு கொன்னதாம்?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"சாட்சி சொன்னவளேதான்."

"ஊரையே விசாரிச்ச மனுசன், உங்களையும் ஏமாத்திட்டாளாக்கும்!"

வருவாய்த் துறையில் காலம் தள்ளியவனுக்கு இது மானக்கேடுதான். ஆனால் அந்தத் துப்பறியும் அதிகாரி மேல் எனக்கு முதலிலிருந்தே மதிப்பில்லை. வாக்குமூலத்தைத் திரும்ப வாசித்துக் காட்டவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை. என் கீழே வேலை பார்த்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

புத்தகத்தை மூடியபோது பசை வாசனை அடித்தது. எங்கள் பக்கம் டைரி, காலண்டர், வெடிக் குழாய் எல்லாவற்றுக்கும் இந்த வாசனை உண்டு. கந்தகமும் சேர்ந்துகொண்டால் அது பட்டாசுக் கம்பெனி. அந்த வாசனையோடு முத்துமாரி நினைவுக்கு வந்துவிட்டாள். அவளும் ஒரே சாட்சி. அவளும் பொய்தான் சொன்னாள்.

அப்போது நான் வருவாய் ஆய்வாளர். தீபாவளிச் சீசனில் ஒரு கம்பெனியில் மருந்து அறை வெடித்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அறை இருந்த இடத்தில் சுவர் இல்லை. உள்ளே இருந்தவர்களை முகம் பார்த்து அடையாளம் சொல்ல வழியில்லை. போர்மேன் ஓடிவிட்டார். எதிர் அறையில் திரி ஒட்டிக்கொண்டிருந்த முத்துமாரிக்குத்தான் உள்ளே இருந்தவர்கள் யாரென்று தெரியும். அவளுடைய ஒரே மகள் ஈஸ்வரி அந்த மருந்து அறையில்தான் வேலை பார்த்தாள்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். மகள் பெயரைச் சொல்லவில்லை.

"ஈஸ்வரி எங்கம்மா இருந்தா?"

"அவ தண்ணி குடிக்கப் போயிட்டா சார். நான் பாத்தேன்."

கூட வந்த தலையாரி குனிந்து மெதுவாகச் சொன்னார்: "யக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு. பேரு ஏறலைன்னா காணாமப் போனவன்னு ஆயிரும். உடம்பும் தர மாட்டாக, நிவாரணமும் வராது."

"எனக்கு என்னத்துக்குய்யா அதெல்லாம்? புள்ள வந்துருவா."

மருந்து அறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. மரத்தடியில் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். முத்துமாரியின் காலில் அவள் செருப்பு இருந்தது. மடியில் வைத்திருந்த ஒயர் கூடையில், தூக்குச்சட்டிக்கு மேலே, இன்னொரு ஜோடி இருந்தது.

"இது யாரோடதும்மா?"

"எம் மகளோடது சார். இங்கன கெடந்துச்சு. வெயிலு சுடுதுல்ல, வந்தா குடுக்கலாம்னு எடுத்து வச்சேன்."

தலையாரி பொறுக்காமல் கேட்டுவிட்டார். "இந்த வெயில்ல, தண்ணிக்குப் போனவ செருப்பு போடாமயா போனா?"

"அவ அப்படித்தான்யா. சொன்னா எங்க கேக்கா? வெறுங்காலோட ஓடுவா. வரட்டும், வச்சுக்கிடுதேன் அவள."

நாவலில் இப்படி ஓர் இடம் வந்தால் அதிகாரி எழுந்து நின்று, மாட்டிக்கொண்டாய் என்கிறார். நான் எழுந்திருக்கவில்லை. அவள் சொன்னபடியே எழுதி வாசித்துக் காட்டினேன். 'தண்ணீர் குடிக்கச் சென்றுவிட்டாள்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வந்துருவான்னும் எழுதுங்க சார்."

சாட்சி கண்டதைத்தான் எழுத வேண்டும். இனி நடக்கப்போவதை எழுத எந்த விதியிலும் இடமில்லை. எழுதினேன். பெருவிரலை அழுத்தி வைத்தாள்.

பிறகு போர்மேன் பிடிபட்டார். அவர் சொன்னதை வைத்து ஈஸ்வரியின் பெயர் இறந்தவர்களோடு சேர்ந்தது. சொந்தக்காரர்கள் காரியம் செய்தார்கள். முத்துமாரி அந்தப் பக்கமே போகவில்லை. நிவாரணம் வாங்கவும் வரவில்லை. ஆனால் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்துகொண்டே இருந்தாள். மகளைக் கண்டுபிடித்துத் தர வேண்டுமாம். மனு என்று வந்தால் பதில் அனுப்பியாக வேண்டும். மகள் இறந்துவிட்டதாகப் பதிவுகளில் உள்ளது என்று ஒவ்வொரு முறையும் பதில் போனது. நானும் அதற்குள் அந்த அலுவலகத்துக்கே மாறியிருந்தேன். அந்தத் தாளைப் பிரித்து என் முன்னால் நீட்டுவாள்.

"என்ன சார் போட்டிருக்காக?"

"விசாரிக்காங்களாம்மா."

"நல்லா விசாரிக்கச் சொல்லுங்க. தேடாம இருந்துறப் போறாக."

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கருவேலம் மண்டிக்கிடக்கிறது. தலையாரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். மனுவையெல்லாம் கணினியில் ஏற்றுகிறார்கள். யாரும் யாரிடமும் தாளை நீட்டி, என்ன போட்டிருக்கிறது என்று கேட்பதில்லை.

போன ஆடியில் முத்துமாரி இறந்துவிட்டாள். துட்டிக்குப் போயிருந்தேன். பந்தலில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மக அன்னைக்கே வெடியில செத்துப்போனா. இப்ப ஆத்தாளும் போயிட்டா. அம்புட்டுத்தான், வீடு அடைஞ்சுபோச்சு."

ஈஸ்வரி செத்துப்போனாள் என்று அந்த வீட்டு வாசலில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லி அன்றுதான் கேட்டேன். முன்பென்றால் முத்துமாரி விளக்கமாற்றோடு வந்திருப்பாள். என்னையறியாமல் உள்ளே திரும்பிப் பார்த்தேன். இல்லையென்று சொல்ல அங்கே யாரும் இல்லை.