குமாஸ்தா பொம்மையைக் காத்த ரோசின்

ரோசின் குவாந்தே எங்கள் ஜூரா மலைப் பாதையில் மஞ்சள் தபால் பேருந்து ஓட்டியவள். பனி இடுப்பளவு கிடக்கும் காலையிலும் அவள் வண்டி வந்துவிடும் என்று நம்பி நிற்போம். ஒரு கண்ணில் பார்வை மங்கியதும் ஓட்டுநர் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். ஊராட்சி அவளை அருங்காட்சியகத்தில் குமாஸ்தாவுக்குக் காவலாக உட்காரவைத்தது.

குமாஸ்தா என்பது பொம்மை. எங்கள் ஊர்க் கடிகாரக்காரர்கள் அந்தக் காலத்தில் செய்தது. சாவி முறுக்கினால் இறகை மையில் தோய்த்து, ஒரு உதறு உதறி, அழகாக எழுதும். கண்கள் கையோடு நகரும். முதுகுக்குள் ஒரு சக்கரம், அதன் விளிம்பில் உலோகத் துண்டுகள். ஒவ்வொரு துண்டின் உயரமும் ஓர் எழுத்து. துண்டுகளை மாற்றி அடுக்கினால் வேறு வாக்கியம் வரும். ரோசின் அதைக் கற்றுக்கொண்டாள், ஆனால் மனம் ஒட்டவில்லை. “மலையேத்தம் இறக்கம் எல்லாம் பாத்துட்டு, கடைசியில பொம்மைக்கு ஆயா வேலை” என்பாள்.

ஊராட்சித் தலைவருக்கு ஓர் ஆசை வந்தது. வாசலில் ‘உலகின் முதல் கணினி’ என்று பலகை மாட்ட வேண்டும். ரோசின் மாட்ட மறுத்தாள். தலைவருக்குப் பரிந்து பேசியது அவள் தங்கை கணவன் பிலெமோன். கடிகார உதிரிப்பாகம் செய்யும் பட்டறையில் உலோகம் வெட்டும் இயந்திரங்களுக்கு அவன்தான் புரோகிராம் எழுதுகிறான். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் உருக்கிய சீஸ் சட்டி நடுவில் இருக்க, இருவரும் ரொட்டித் துண்டை முள்கரண்டியில் குத்தியபடி வாதாடுவார்கள்.

“துண்டை மாத்தினா எழுத்து மாறுது. புதுசா மிஷின் செய்ய வேண்டியதில்ல. அதுதானே புரோகிராம்? நான் தினம் செய்யறது வேற என்ன?”

“என் பஸ்ஸுக்கும் ரூட்டு உண்டு, பிலெமோன். குறுக்க மாடு வந்தா பிரேக் போடுவேன். உன் குமாஸ்தா போடுவானா?”

“அவன் மேஜைக்கு மாடு எங்கேர்ந்து வரும்?”

“வராதவரைக்கும் கம்ப்யூட்டர், வந்தா பொம்மையா?”

தங்கை சட்டியை நகர்த்தினாள். “ரெண்டு பேரும் கிளறுங்க. அடி பிடிக்குது.”

வசந்தத்தில் கான்ஸ்தான் என்று ஒரு வாலிபன் லோசான் நகரத்திலிருந்து வந்தான். தன் தோழியிடம் கல்யாணம் கேட்க வேண்டும், அதைக் குமாஸ்தா எழுதிக் காட்ட வேண்டும் என்றான். ரோசினுக்கு அது பிடித்திருந்தது. முதல் தடவையாக ஆசையோடு துண்டுகளை அடுக்கினாள்: ‘ஒரேலி, என்னை மணப்பாயா?’

சனிக்கிழமை கான்ஸ்தான் ஒரேலியை அழைத்து வந்தான். பொம்மை அவள் பெயரை எழுதியது. ஒரேலி சிரித்தாள். அடுத்த சொல் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

“வேணாம். நிறுத்தச் சொல்லுங்க” என்றாள் ரோசினைப் பார்த்து.

நடுவில் நிறுத்தினால் உள்ளே சக்கரத்தின் பல் முறியும். அதைச் செய்யவே கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருந்தார்கள். பொம்மை நிதானமாக மை தோய்த்தது, உதறியது.

“முடிக்கட்டும், ஒரேலி. கொஞ்சம்தான்” என்றான் கான்ஸ்தான்.

“உங்கிட்ட முன்னாடியே ரெண்டு தடவை சொல்லிட்டேன், வேணாம்னு. நீயும் கேக்கல, இதுவும் கேக்கல.”

ரோசின் காகிதத்தை உருவி எடுத்தாள். பொம்மையின் கை நிற்கவில்லை. மேஜையின் தோலுறை மேலேயே மிச்சத்தை எழுதியது, கேள்விக்குறி உட்பட. மூன்று பேரும் அது முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரேலியைப் பேருந்து நிறுத்தம்வரை ரோசினே கொண்டுபோய் விட்டாள். யார் மீதோ வண்டியை ஏற்றிவிட்டதுபோல் இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

மறுநாள் பிலெமோன் வந்து கறையைப் பார்த்தான். குமாஸ்தா பிரேக் போடவில்லையே, வாதத்தில் தான் ஜெயித்துவிட்டதாகவே ரோசின் நினைத்தாள். அவன் கேலி செய்யவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை.

“எங்க மிஷின்லயும் வெட்ட வேண்டிய கம்பி நழுவிட்டா வெறும் காத்தை வெட்டிக்கிட்டே போகும். கவனிக்கச் சொல்லி எழுதியிருந்தாத்தான் கவனிக்கும். அதுக்காக அதைக் கம்ப்யூட்டர் இல்லைன்னு யாரும் சொல்றதில்ல.”

“எழுதலன்னா நிறுத்தறது யாரு?”

“நான்தான். பக்கத்துலதானே நிக்கறேன்.”

ரோசின் பொம்மையின் முதுகைத் திறந்து சக்கரத்தைப் பார்த்தாள். சொன்னதைச் செய்கிறது, மாற்றிச் சொன்னால் மாற்றிச் செய்கிறது. அதுவரை பிலெமோன் சொல்வது சரி. ஆனால் எதிரே நிற்பவரின் முகம் மாறினால் என்ன செய்வது என்று சொல்ல, அந்தச் சக்கரத்தில் எந்தத் துண்டும் இல்லை. அந்த வேலை தன்னிடம் இருந்தது. தான்தான் அதைச் செய்யவில்லை.

தலைவரிடம் போய், ‘எழுத வேண்டியதை நாம் மாற்றியமைக்கக்கூடிய பொம்மை’ என்று பலகை எழுதலாம் என்றாள்.

“இதைப் படிச்சிட்டு எவன் மலையேறி வருவான்?” என்று அவர் முனகினார். ஆனாலும் மாட்டினார்கள். பிலெமோன் இன்றைக்கும் அதைக் கணினி என்றுதான் சொல்கிறான்.

இப்போது யாராவது வந்து பெயர் போட்டு எழுதச் சொன்னால் ரோசின் முதலில் கேட்கிறாள்: “படிக்கப்போறவங்களுக்கு இதுல இஷ்டமா?” தெரியாது என்றால் சாவியை எடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவள் அவர்களைத் தடுப்பதில்லை.