முறை வராத வான்

ரயில் ஓடின காலத்திலை எங்கடை வீட்டிலை ஞாயிற்றுக்கிழமைச் சோறு சண்டையில்லாமல் இறங்கினதில்லை. அப்பாவுக்கு ரயில்வேயிலை வேலை. மாமா, அம்மாவின்ரை தம்பி, கொடிகாமத்திலை வெங்காய யாவாரி. அவர் கொழும்புக்கு அனுப்பின வெங்காயம் ஒருக்கா கூட்ஸ் பெட்டியிலையே அழுகிப்போச்சு. அதுக்குப் பிறகு மனுசனுக்கு ஒரே கதைதான்.

"ரயிலைத் தனியாரிட்டைக் குடுக்கவேணும் அத்தான். போட்டி வந்தால் எல்லாம் தன்பாட்டிலை திருந்தும்."

"தண்டவாளம் ஒண்டுதானே கிடக்கு மச்சான். அதிலை ஆரோடை ஆர் போட்டி போடுறது? அரசாங்கம் இருந்த கதிரையிலை ஒரு முதலாளி வந்து இருப்பான், அவ்வளவுதான்."

"உங்களுக்கு மாதம் முடியச் சம்பளம் வருது, உப்பிடித்தான் கதைப்பியள்."

அம்மா ரண்டு பேருக்கும் நடுவிலை மீன்குழம்பை வைச்சுப்போட்டு, "கதையை விட்டுட்டுச் சாப்பிடுங்கோ" எண்டுவா. தம்பியிலை அவவுக்கு உயிர். பெரிய துண்டு அவருக்குத்தான் போகும்.

பிறகு நாட்டிலை சண்டை வந்து ரயில் நிண்டுது. தண்டவாளத்தைக் கழட்டிச்சினம், அதுக்குக் கீழை கிடந்த சிலிப்பர் கட்டையள் குண்டுக்கு ஒளிக்கிற பங்கர் குழியளை மூடப் போச்சு. மாமா ஒரு பழைய வானை வாங்கி, சாரதி ஒருத்தனைப் போட்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடவிட்டார். இன்னும் நாலைஞ்சு பேரும் வாங்கிச்சினம். பொய் சொல்லக்கூடாது, முதல் கொஞ்ச மாதம் மாமா சொன்னது சரியாத்தான் இருந்தது. "அக்கா, இஞ்சை வாங்கோ" எண்டு பையைப் பறிச்சு ஏத்துவாங்கள். ரயிலிலை ஆர் எங்களை அக்கா எண்டு கூப்பிட்டது?

ஆனால் பெற்றோல் இல்லை, எல்லாம் மண்ணெண்ணெயிலைதான் ஓட்டம். ஆளையாள் முந்தி ஆக்களைப் பிடிச்சால் எல்லாரின்ரை யாவாரமும் படுத்திடும் எண்டு வான்காரர் கூடிக் கதைச்சு முறை வைச்சினம். முன்னுக்கு நிக்கிற வான் வெளிக்கிடுமட்டும் பின்னுக்கு நிக்கிறது ஒரு ஆளையும் ஏத்தக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டைப் போடச்சொல்லி ஒற்றைக்காலிலை நிண்டதே மாமாதான்.

"எங்கை மச்சான் உம்மடை போட்டி?" எண்டு அப்பா சிரிச்சார். மாமா கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போட்டார்.

ஒரு மத்தியானம் அம்மாவுக்கு நெஞ்சு நோகத் தொடங்கிச்சு. ஊர் ஆசுப்பத்திரி அப்போதிக்கரி பாத்த உடனை, "இஞ்சை வைச்சிருக்காதையுங்கோ, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டோடுங்கோ" எண்டார். அப்பாவும் நானும் கைத்தாங்கலா வான் நிக்கிற சந்திக்குக் கூட்டிவந்து, முறைக்கு நிண்ட வானிலை அவவைச் சாய்ச்சு இருத்தினம். வருத்தக்காரியைக் கண்டு அந்தச் சாரதியும் உடனை எடுக்கப் பாத்தான். கோதாரி விழுந்த எஞ்சின் பிடிக்கேல்லை. "இந்தா, இப்ப பிடிச்சிடும்" எண்டு எங்களையும் விடாமல் சாவியை முறுக்கிக்கொண்டே நிண்டான்.

அதுக்குப் பின்னாலை மாமாவின்ரை வான். நான் ஓடிப்போய் அதின்ரை சாரதியைக் கும்பிட்டன்.

"முறையில்லாமல் எடுக்கேலாது பிள்ளை. போன கிழமை ஒரு பிள்ளைத்தாச்சியை ஏத்தினதுக்கே முதலாளி என்னைக் கிழிச்சுப்போட்டார். இன்னொருக்கா எண்டால் வேலையில்லை எண்டவர்."

"அது உன்ரை முதலாளியின்ரை அக்காவடா, பாவி!"

"தெரியும் பிள்ளை. அவரின்ரை வாயாலை ஒரு சொல்லுச் சொல்லச்சொல்லுங்கோ, பறந்து போறன்."

அவனை நான் இண்டைக்கும் குறை சொல்லமாட்டன். சந்தியிலை நிண்ட ஆரின்ரையோ சைக்கிளை எடுத்து மாமாவின்ரை கடைக்கு மிதிச்சன். "அக்காவுக்கோ?" எண்ட மனுசன் தராசை அப்பிடியே போட்டுட்டு, சைக்கிளிலை ஏறச்சொன்னதும் காதிலை விழாமல், செருப்பும் இல்லாமல் றோட்டிலை ஓடினார். ஓடிக்கொண்டே "எடடா, எடடா" எண்டு கத்தினார். சந்தி இன்னும் கண்ணிலை படேல்லை, ஆருக்குக் கேக்கும்?

நாங்கள் போகேக்கை முன்வான் அதே இடத்திலைதான் நிண்டுது. அம்மாவின்ரை தலை அப்பாவின்ரை மடியிலை கிடந்தது.

"இனி அவசரமில்லை மச்சான்" எண்டார் அப்பா.

முன்வானைத் தள்ளி ஓரம் கட்டிச்சினம். வீட்டை கொண்டுபோக மாமாவின்ரை வானிலை அம்மாவை ஏத்தினம். முறை கேக்க ஒருத்தரும் வரேல்லை. சாவியைத் திருப்பின உடனை எஞ்சின் பிடிச்சுது.

"இவ்வளவு கெதியா வெளிக்கிடுமோ உது?" எண்டு அப்பா கேட்டார். மாமா அக்காவின்ரை காலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு குழறி அழுதார்.