லைன் ஓடுதான்னு ஒரு டெஸ்ட் கால்

புதுச் சிம்மைப் போட்டுக் கொடுத்ததும் சூசைநாதன் அண்ணன் ஆளை விடமாட்டார். “ஊருக்கு ஒரு கால் போடு தம்பி. லைன் ஓடுதான்னு டெஸ்ட் பண்ணணும் லா” என்பார். சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்கு வந்து இறங்கிய ரத்னவேல் அப்படித்தான் எங்கள் நடைபாதையில் நின்று அம்மாவிடம் பேசினான். பாதியிலேயே அழுதுவிட்டான். அண்ணன் வேறு பக்கம் திரும்பி, துடைத்த கண்ணாடிப் பெட்டியையே மறுபடி துடைத்தார். போனின் மூலையில் சிக்னல் கோடு விழுந்தாலே சிம் ஓடுகிறது என்றுதான் அர்த்தம், டெஸ்ட் தேவையில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், நான் காய் நறுக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் அவர் கடை. கடை என்றால் அந்தக் கண்ணாடிப் பெட்டியும் ஒரு முக்காலியும். சட்டைப் பையில் ஜெபமாலை. சிம் தட்டைத் திறக்கும் ஊசியை அதிலேயே கோத்து வைத்திருப்பார். அன்றைய முதல் சிம்மைச் சிலுவையில் ஒற்றித்தான் விற்பார். நான் கொண்டுபோகும் அம்மன் கோவில் குங்குமத்தையும் வாங்கிக்கொள்வார். “ரெண்டு பேரும் பாத்துக்கிட்டா நல்லதுதானே தங்கச்சி.”

அப்போதெல்லாம் போன் கம்பெனிக்காரர்கள் அவரைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒருவர் குடை கொடுத்தால் இன்னொருவர் மேசைவிரிப்பு கொடுப்பார். “எங்க சிம்மை முன்னால வைங்க அங்கிள்” என்று கெஞ்சுவார்கள். அவர் போன் ஓயாமல் அடிக்கும். “ஒங்களுக்கு இந்த ஞாயிறு, அவங்களுக்கு அடுத்த ஞாயிறு. சண்ட போடாதீங்க” என்று சிரிப்பார்.

பிறகு இ-சிம் வந்தது. அட்டையே கிடையாது, லைன் நேராகப் போனுக்குள் இறங்கிவிடுகிறது. பிள்ளைகள் ரயிலில் உட்கார்ந்தபடியே ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறார்கள். கம்பெனிகளும் நேராக அவர்களிடமே விலையைக் குறைத்து இழுக்கின்றன. “முன்ன என்னைப் பிடிச்சாத்தான் ஜனம் கிடைக்கும். இப்போ ஜனத்தோட பாக்கெட்டுலயே கடையத் திறந்துட்டான்” என்றார் அண்ணன். அவர் போன் அடிப்பதும் நின்றது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை.

ஒரு ஞாயிறு ரத்னவேல் ஓடி வந்தான். போனில் இடமில்லை என்று எல்லாவற்றையும் அழித்திருக்கிறான். அவனும் மாறியிருந்த இ-சிம் அதோடு சேர்ந்து போய்விட்டது.

“அம்மாவுக்கு அந்த ஒரு நம்பர்தான் தெரியும்ணே.”

பழக்கதோஷத்தில் அண்ணன் ஊசியைக் குத்தித் தட்டை இழுத்தார். காலித் தட்டு வந்தது. அதை மெல்ல உள்ளே தள்ளி மூடினார்.

“முன்னன்னா வேற கார்டு போட்டு அதே நம்பர எடுத்துக் குடுத்திருப்பேன். ஒன் கம்பெனிக்குக் கடையே இல்லடா. ஆப்புலதான் கேக்கணும்.” தன் போனை நீட்டினார். “மொதல்ல அம்மாகிட்ட சொல்லிடு, தேடப் போறாங்க.”

அதன்பின் அவர் முக்காலியில் அதிகம் உட்காரவில்லை. கடையைக் காலி செய்த அன்று ஈரக் கையோடு போய் நின்றேன். பாசிர் ரிஸ்ஸில் ஒரு காண்டோ அடுக்குமாடியில் செக்யூரிட்டி வேலையாம். அவருக்காக வேண்டிக்கொண்டு வாங்கிய குங்குமப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஜெபமாலையோடு பையில் வைத்துக்கொண்டார். என் மகன் எனக்கும் இ-சிம் போட்டுவிட்டான் என்பது அவருக்குத் தெரியும். நாலடி போனவர் திரும்பினார்.

“ஒன் புது லைன் ஓடுதான்னு பாக்கணும்ல தங்கச்சி. நேரம் கெடைக்கிறப்ப எனக்கு ஒரு டெஸ்ட் கால் போடு.”