சக்கர நாற்காலிக்குப் படகு வசதி உண்டு

என்னைத் தூக்காத ஆளே எங்கள் மதுரை விளாங்குடித் தெருவில் கிடையாது. ஒரு படிக்கட்டு முன்னால் என் சக்கர நாற்காலி நின்றால் போதும், பால்காரர், பக்கத்து வீட்டு மாப்பிள்ளை, பஸ்ஸுக்கு நிற்கிறவர் என்று எல்லோரும் ஓடி வருவார்கள். "ஒரு கை பிடிங்கண்ணே" என்று ஒரு சத்தம் கேட்கும், அடுத்த நிமிடம் நான் அந்தரத்தில் இருப்பேன். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்ல முடியாது. சேலை விலகினால் இழுத்துவிட்டுக்கொண்டு, இறக்கியதும் சிரித்த முகமாக நன்றி சொல்ல வேண்டும். சின்ன வயதில் போலியோ வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது.

அதிகம் தூக்கியவன் என் தம்பி. கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, தல்லாகுளத்தில் மாடியில் இருக்கிற ஆபீஸ் எல்லாம் அவன் கைகளில்தான் போய் வந்தேன். இப்போது சின்னதாக டிராவல்ஸ் வைத்திருக்கிறான். தூத்துக்குடிக்குச் சுற்றுலாக் கப்பல் வந்தால், அதில் வருகிறவர்களை வேனில் மதுரைக்குக் கூட்டிவந்து கோயிலைக் காட்டிவிட்டுச் சாயங்காலத்துக்குள் கப்பலில் சேர்ப்பான். அவர்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுவது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். கோயில் கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக, ஊருக்கு மேற்கே ஒரு கண்மாயில் படகில் போய்ப் பறவை பார்க்கிற ஏற்பாடும் செய்தான். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் எல்லாம் அங்கே உண்டு. விளம்பரத்தில் 'சக்கர நாற்காலிக்கு வசதி உண்டு' என்று போட்டிருந்தான்.

"என்னடா வசதி?" என்றேன்.

"நான் இருக்கேன்ல. தூக்கிர மாட்டேனா?"

அவன் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வசதி என்றால் அதுதான்.

அதை நம்பி ஒரு வெள்ளைக்கார அம்மா எழுதினார். கணவர் இறந்துபோன பிறகு தனியாகக் கப்பலில் வருகிறாராம். அவருடைய நாற்காலி பேட்டரியில் ஓடுவது, ஒரு பைக் கனம் இருக்கும். எங்கேயோ யாரோ அவரைத் தூக்கும்போது கீழே போட்டு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. யாரும் தூக்காமல் படகில் ஏற முடியுமா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். படித்ததும் தம்பி மேல் கோபம் வந்தது. கூடவே எனக்கே ஆசையும் வந்தது. நானும் ஒரு நாளாவது என் கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு படகில் ஏற வேண்டும். முதலில் நான் ஏறிப் பார்க்கிறேன், அப்புறம்தான் பதில் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி ஒரு பட்டறையில் சொல்லி ஒரு நீள இரும்புத் தகடு செய்து வாங்கினான். கண்மாய் நிறைந்து கிடந்தபோது எடுத்த அளவு அது. நாங்கள் போவதற்குள் வயலுக்கு மடை திறந்துவிட்டார்கள். தண்ணீர் இறங்க, படகும் கூடவே இறங்கிவிட்டது. கரையிலிருந்து படகுக்குப் போட்ட தகடு சறுக்குமரமாக நின்றது. கண்மாய்த் தண்ணீர் எங்களுக்காகக் காத்திருக்குமா? கண்மாய் ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் மடையை மறந்துவிட்டு அளவெடுத்திருக்கிறோம்.

நான் பிரேக்கைப் போட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். "விடுக்கா, வாரேன்" என்று தம்பி என்னை அள்ளிவிட்டான். வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் தகட்டில் இறங்கினான். முதுகு பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. ஓரமாகச் சரிந்து அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். நான் அவன் மடியில் கிடந்தேன், அடியில்லை. வயலில் நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. அவனுக்கு இவ்வளவு நரைத்துவிட்டதை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன்.

"முடியலக்கா," என்றான். "இடுப்பு போயி ரொம்ப நாளாச்சு. ஒன்ட்ட எப்புடிச் சொல்றதுன்னு மாத்திரையப் போட்டுப் போட்டுத் தூக்குறேன்."

"எனக்கும் முடியலடா. நீ தூக்குறப்பல்லாம் எம்புட்டுக் கூசுது தெரியுமா?"

"ஒரு நாளும் சொன்னதில்லையே."

"நீ மட்டும் சொன்னியாக்கும்?"

இத்தனை வருடமும் ஒருவரை ஒருவர் பாவம் பார்த்தே களைத்துப் போயிருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. அந்த அம்மாவுக்கு 'வசதி இல்லை, நம்பி வராதீர்கள்' என்று எழுதுவது என அங்கேயே முடிவு செய்தேன். எனக்கும் அன்றைக்குப் படகு இல்லை.

அதற்குள் வயலில் நின்றவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். ஒருவர் குனிந்து என் அக்குளில் கை கொடுக்கப் போனார். தம்பி தடுத்தான்.

"அண்ணே, பொறுங்க. எங்கக்காட்ட கேட்டுட்டுத் தொடுங்க."

அவர் கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "சொல்லு தாயி, எங்கிட்டுப் பிடிக்கட்டும்?"

இந்த வயதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கொஞ்சம் பொறுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முழங்கால் சேற்றில் நின்றபடி அவர்கள் பொறுத்தார்கள்.